சித்திரை ஏழில் மறையும் நிழல்

  

போன ஏப்ரல் 20ஆம் தேதி முற்பகலில், நாம் கூடியிருக்கும் இதே திருச்செங்கோட்டில், ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தேன். சிமெண்ட் தரையில் ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்தோம். ஓரடி நீளத்துக்கு வெட்டிய நான்கு அங்குலக் குழாய் ஒன்றைத் தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்தாக நிறுத்தினோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு பெண் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். புள்ளிகள் குழாயை நோக்கி நெருங்கின. பகல் 12 மணி 17 நிமிடத்துக்கு அவள் கையில் சாக்பீஸ் இருந்தது, புள்ளி வைக்க நிழல் இல்லை. தலையைச் சற்றே சாய்த்துக் குழாய்க்குள் பார்த்த பையன், அடித்தரை முழுக்க வெயில் விழுந்திருப்பதைப் பார்த்துக் கூச்சலிட்டான். சூரியன் நேர் உச்சியில்.

அன்று சித்திரை 7. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஏழில்தான் நிற்கிறது. இதே ஊரில் கி.பி. 285ஆம் ஆண்டை ஒட்டி ஒருவர் கம்பு நட்டுப் பார்த்திருந்தால், நிழல் மறைந்த நாள் சித்திரை 30 வாக்கில் வந்திருக்கும். இன்னும் 500 ஆண்டு கழித்துப் பார்ப்பவர்களுக்கு அது பங்குனிக்குள் போயிருக்கும். வெயில் அதே வெயில், ஊர் அதே ஊர், மாதம் மட்டும் கைநழுவிப் போகிறது.

காரணம் எளிது. நிழல் மறையும் நாள், பூமியின் அச்சு சூரியனை நோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சித்திரை மாதமோ சூரியன் மேஷத்தில், அதாவது குறிப்பிட்ட நட்சத்திரங்களின் பின்னணியில், நிற்பதைப் பொறுத்தது. இரண்டையும் கட்டியிருக்கும் கயிறு மெல்ல நழுவுகிறது. இதைத்தான் நம் சோதிட நூல்கள் அயன சலனம் என்றன. நழுவிய அளவுக்கு அயனாம்சம் என்று பெயர். இன்றைக்கு அது சுமார் 24 பாகை.

நம் வாழ்க்கைக்குள்ளேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. சுவாமி விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்று மகர சங்கராந்தி. நாம் இப்போது பொங்கல் வைப்பது ஜனவரி 14 அல்லது 15. உத்தராயணம் என்று நாம் கொண்டாடும் நாளுக்கு மூன்று வாரத்துக்கும் முன்பே, டிசம்பர் 21, 22 வாக்கில், சூரியன் வடக்கே திரும்பிவிடுகிறது. சேலத்து வெயிலில் வெந்து நாம் எண்ணும் கத்திரி நாட்களும் சூரியன் பரணி, கார்த்திகை, ரோகிணிப் பக்கம் நிற்பதைக் கொண்டு வகுத்தவை. அவையும் சுமார் 70 ஆண்டுக்கு ஒரு நாள் என்று நகர்ந்து, பல நூற்றாண்டு கழித்து ஜூனுக்குள் போய்விடும். அப்போது கத்திரி என்ற பெயர் இருக்கும், உச்ச வெயில் இருக்காது.

பம்பரம் விட்ட எவருக்கும் இது புரியும். சாட்டை உருவி விட்டதும் பம்பரம் நேராக நின்று தூங்கும். வேகம் குறையத் தொடங்கினால் சாய்ந்து தலையாட்டும். ஆணி ஒரே இடத்தில் நிற்க, தலை மட்டும் பெரிய வட்டம் போடும். பூமிக்கும் அப்படி ஒரு தலையாட்டம் உண்டு, ஒரு சுற்றுக்குச் சுமார் 25,800 ஆண்டு. பம்பரத்தை இழுப்பது தரையின் ஈர்ப்பு. பூமியை இழுப்பவை நிலாவும் சூரியனும். பூமி இடுப்பில் பருத்தது. நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட 21 கிலோமீட்டர் அதிகம். அந்தப் பருமனைப் பற்றி நிமிர்த்தப் பார்க்கிறது ஈர்ப்பு. சுழலும் பொருள் அதற்கு வளைந்துகொடுக்காமல் பக்கவாட்டில் நகர்கிறது. 1687இல் நியூட்டன் சொன்ன விளக்கம் இது.

கண்டுபிடிப்பு அதற்கு வெகுகாலம் முன்பே நடந்துவிட்டது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் திமோகாரிஸ் என்பவர், நிலா ஒரு நட்சத்திரத்தைத் தொட்டுச் சென்றதைக் குறித்துவைத்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து ஹிப்பார்க்கஸ் அதே நட்சத்திரத்தை, சந்திர கிரகண நேரத்தில், மறுபடி அளந்தார். சம இரவுப் புள்ளியிலிருந்து அதன் தொலைவு 8 பாகையாக இருந்தது 6 ஆகியிருந்தது. அந்த நட்சத்திரம் எது தெரியுமா? நம் சித்திரை. நம் ஆண்டின் முதல் மாதத்துக்குப் பெயர் கொடுத்த அதே சித்திரை. இந்திய அரசு 1952இல் மேகநாத் சாகா தலைமையில் அமைத்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, 1956 மார்ச் 21ஆம் தேதிக்கு அயனாம்சம் 23 பாகை 15 கலை (கோண நிமிடம்) என்று வைத்தபோதும், கணக்குக்கு அடியில் நின்றது சித்திரை நட்சத்திரமே.

சூரிய சித்தாந்தம் இந்த நகர்வை ஆண்டுக்கு 54 விகலை (கோண நொடி) என்று வைத்தது. உண்மை 50 விகலைக்குச் சற்று மேல். அந்தக் காலத்துக் கருவிகளை நினைத்தால் அது வியக்கத்தக்க நெருக்கம். ஆனால் அந்த நூல், நகர்வு 27 பாகை வரை போய்த் திரும்பி வரும், ஊஞ்சல் போல, என்றது. அது தவறு. நகர்வு திரும்புவதில்லை, சுற்றிக்கொண்டே போகிறது.

தவறு என்று சொல்லத் துணிய வேண்டும் என்று வற்புறுத்தியவர் நம்மிடையே இருந்தார். சிந்தாமணி ரகுநாதாசாரி, சென்னை வானாய்வகத்தின் முதல் உதவியாளர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தபோது மக்களுக்குப் புரியும்படி சிறுநூல் எழுதியவர். கண்ணால் பார்த்துச் சரிபார்த்த கணக்கே பஞ்சாங்கமாக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. 2025 மார்ச் 29 சனிப்பெயர்ச்சி என்றது, பார்த்துத் திருத்திய கணக்கான திருக்கணிதப் பஞ்சாங்கம். பழைய கணக்கான வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயில் அன்று பெயர்ச்சி இல்லை என்று அறிவித்தது. எந்தக் கோயில் எந்த நாளில் விழா எடுப்பது என்பது அவரவர் மரபு. அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் வானத்தில் சனி எங்கே நிற்கிறது என்பது மரபு அல்ல. அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ரகுநாதாசாரி பக்கம்தான் நான்.

பார்ப்பதற்கு ஒரு குறி வேண்டும் அல்லவா? சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பஸ்ஸில் வருகிறோம். ஜன்னலோரப் பனைமரங்கள் பின்னால் ஓடுகின்றன. ராசிபுரம் பக்கம் போதமலை மெல்ல நகர்கிறது. தூரத்துக் கொல்லிமலையோ நம்மோடு கூடவே வருவதுபோல் தோன்றுகிறது. நாம் எவ்வளவு குலுங்குகிறோம் என்று பார்க்கப் பனைமரம் உதவாது, மலைதான் உதவும். சித்திரை நட்சத்திரம் 250 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதுவும் பனைமரம்தான். ஆண்டுக்கு ஒரு விகலையில் ஆயிரத்தில் ஐம்பது பங்கு அது தானே நகர்கிறது. நட்சத்திரங்கள் எல்லாமே பால்வெளியைச் சுற்றி ஓடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஐரோப்பிய வானியலர் அயன சலனத்தை நுணுக்கமாகக் கணக்கிட முயன்று இங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். அளந்ததில் எது பூமியின் ஆட்டம், எது நட்சத்திரத்தின் ஓட்டம் என்று பிரிக்க முடியவில்லை.

கொல்லிமலை கிடைத்தது 1963இல். ரேடியோ வானியலர் குறித்துவைத்திருந்த 3சி 273 என்ற மூலம், நிலாவுக்குப் பின்னால் மறையும் நேரத்தை ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் 1962இல் சிரில் ஹசார்ட் குழுவினர் துல்லியமாகக் குறித்தார்கள். அதைக் கொண்டு அதன் இடம் தெரிந்தது. மார்டன் ஷ்மிட் அதன் ஒளியை ஆராய்ந்து, அது நம்மிடமிருந்து 200 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பதைக் கண்டார். நட்சத்திரம் போலத் தெரிந்த அது குவேசார். அவ்வளவு தூரத்தில் இருப்பது எவ்வளவு வேகமாக ஓடினாலும் நம் கண்ணுக்கு அசைவது தெரியாது.

நிலா மறைப்பு என்ற அதே உத்திக்காகவே நம் மாநிலத்தில் ஒரு பெரும் கருவி எழுந்தது. கோவிந்த் சுவரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் உதகைக்கு அருகே முத்தோரையில் கட்டிய ரேடியோ தொலைநோக்கி 1970இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். வடக்கு தெற்காகச் சரிவில் கிடக்கிறது. அதன் கீழே நான் நடந்திருக்கிறேன். 24 பரவளைவுச் சட்டங்கள் வரிசையாக மேலேறிப் போகின்றன. அவற்றின்மேல் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் 1,100, ஒவ்வொன்றும் முழு நீளத்துக்கும். மஞ்சு இறங்கியிருந்த காலை. கம்பிகளில் நீர்த்துளிகள் தொங்க, மேல் முனை வெண்மைக்குள் மறைந்துபோயிருந்தது.

ஏன் சரிவில்? அந்த மலைச்சரிவு சுமார் 11 பாகை 23 கலை. உதகையின் அட்சரேகையும் அதுவே. அட்சரேகைக்குச் சமமான சரிவில் வடக்கு தெற்காக ஓர் அச்சை வைத்தால், அது பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு அந்த ஒற்றை அச்சைத் திருப்பினாலே போதும், ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம் தொடர்ந்து பிடித்துக்கொண்டு போகலாம். இப்போது வரைபடத்தை எடுத்து 11 பாகை 23 கலைக் கோட்டைக் கிழக்கே நீட்டிக்கொண்டு வாருங்கள். அது நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊருக்கு வந்து சேர்கிறது. முத்தோரைச் சரிவின் சாய்வும் திருச்செங்கோட்டின் அட்சரேகையும் ஒன்று. இங்கே பேச அழைப்பு வந்ததும் வேறு தலைப்பை நான் நினைக்காததற்குக் காரணம் இதுதான்.

அந்தக் கருவிக்கே அயன சலனம் அன்றாட வேலை. ரேடியோ மூலங்களின் பழைய பட்டியல்கள் 1950ஆம் ஆண்டுக்கு உரிய இடங்களைச் சொல்பவை. அச்சு நகர்வதால் ஒரு மூலத்தின் வடக்கு தெற்கு இடம் ஆண்டுக்கு 20 விகலை வரை மாறும். 75 ஆண்டில் 25 கலை. உதகைத் தொலைநோக்கி வடக்கு தெற்காகப் பார்க்கும் அகலமோ 6 கலை அளவுதான். பட்டியலில் உள்ள எண்ணை அப்படியே கொடுத்துத் திருப்பினால், தேடிய மூலம் பார்வைக்கு வெளியே நிற்கும்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன், மாணவர்கள் அடிக்கடி கேட்பது. அச்சு நகர்ந்தால் முத்தோரைச் சரிவு பொருந்தாமல் போகாதா? போகாது. அயன சலனத்தில் பூமி முழுதும் அச்சோடு சேர்ந்து சாய்கிறது. ஊரின் அட்சரேகை மாறுவதில்லை, வானத்தில் அச்சு காட்டும் திசைதான் மாறுகிறது. அச்சு நிலத்தின்மேல் நகர்வது வேறு சங்கதி. அதற்குப் பிறகு வருகிறேன்.

குவேசார்களை வைத்துத் தலையாட்டத்தை எப்படி அளக்கிறார்கள்? எங்கோ இடி இடிக்கிறது. சேலத்தில் ஒருவரும் நாமக்கல்லில் ஒருவரும் அதைக் கேட்ட நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுகிறார்கள். எவருக்கு எவ்வளவு முன்னால் கேட்டது என்பதை வைத்து இடி எந்தத் திசை என்று சொல்லிவிடலாம். இருவருக்கும் இடைத்தூரம் கூடக்கூடத் துல்லியம் கூடும். கண்டத்துக்குக் கண்டம் தள்ளி ரேடியோ தொலைநோக்கிகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஹைட்ரஜன் மேசர் கடிகாரம் ஓடவிட்டு, ஒரே குவேசாரின் இரைச்சலைத் தனித்தனியே பதிவுசெய்து, பிறகு ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மிக நீள் அடித்தளக் குறுக்கீட்டு முறை என்று இதற்குப் பெயர். கனடாவிலும் அமெரிக்காவிலும் 1967இல் முதலில் செய்து காட்டினார்கள். இடைத்தூரம் 6,000 கிலோமீட்டர் என்றால், அந்த அடித்தளம் ஒரு விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு சாய்ந்தாலும் அலை வந்து சேரும் பாதை 3 சென்டிமீட்டர் மாறும். நேரத்தில் சொன்னால், ஒரு நொடியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதை அளக்க அவர்களிடம் கடிகாரம் இருக்கிறது.

விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு? நாமக்கல் முட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், நாலரை சென்டிமீட்டர் அகலம். அதை 9,000 கிலோமீட்டருக்கு அப்பால், லண்டனையும் தாண்டி வைத்து, இங்கிருந்து பார்க்க முடிந்தால் தெரியும் பருமன் அது.

இந்த அளவு கைக்கு வந்ததும், உலகம் ஏற்றிருந்த எண்ணே தவறு என்று தெரிந்தது. 1976இல் சர்வதேச வானியல் ஒன்றியம் நிர்ணயித்த அயன சலனம் நூற்றாண்டுக்கு 5029.0966 விகலை. குவேசார்கள் சொன்னது அதைவிட 0.3 விகலை குறைவு. ஆண்டுக்கு மூன்று முட்டை அளவுப் பிழை! 2000இல் திருத்தினார்கள். 2006இல் ஏற்ற எண் 5028.796. வானத்து இடங்களைக் குறிக்கும் சட்டகத்தையே நட்சத்திரங்களிடமிருந்து எடுத்துக் குவேசார்களிடம் கொடுத்தது 1998இல். முதலில் 212 மூலங்கள் அதன் தூண்கள். 2019 முதல் வழக்கில் உள்ள மூன்றாம் சட்டகத்தில் 4,536 மூலங்கள் உண்டு, ஆனால் தூண்களாகத் தேர்ந்தவை 303தான். குவேசார்களிலும் சில, தாரைகளைப் பீய்ச்சி, பிரகாசமான மையமே இடம் மாறியது போலக் காட்டும். கொல்லிமலையிலும் எந்தப் பாறை உறுதியானது என்று பார்த்துத்தான் குறி வைக்க வேண்டியிருக்கிறது.

அயன சலனம் சீரான வட்டமும் அல்ல. அதன்மேல் சிற்றசைவு ஒன்று நெளிகிறது. 1748இல் பிராட்லி அறிவித்தார். அதன் சுற்று 18.6 ஆண்டு. இந்த எண்ணைக் கேட்டதும் பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். ராகு பன்னிரண்டு ராசியையும் பின்னோக்கிச் சுற்றி வரும் காலம் அது. ராகுவும் கேதுவும் நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் சுற்றச் சுற்ற, நிலா பூமியின் இடுப்பை இழுக்கும் கோணம் மாறுகிறது, அச்சு 9 விகலை அளவு நெளிகிறது. ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை நாம் ராகு கேது பெயர்ச்சி என்று சொல்லும்போது, பூமியின் அச்சை ஆட்டும் கையைத்தான் பெயர் சொல்லிக் குறிக்கிறோம்.

இந்தச் சிற்றசைவுகளுக்குள் நான் மிகவும் போற்றும் கண்டுபிடிப்பு ஒளிந்திருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் நெளிவு கணக்குக்குப் பொருந்தாமல், விகலையில் ஆயிரத்தில் இரண்டு பங்கு தள்ளி நின்றது. 1986இல் க்வின், ஹெர்ரிங், ஷாபிரோ மூவரும் அதற்குக் காரணம் சொன்னார்கள். பூமிக்குள் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பு உட்கரு தொடங்குகிறது. அந்த எல்லை எதிர்பார்த்ததைவிட இடுப்பில் அரைக் கிலோமீட்டர் அளவு கூடுதலாகப் பருத்திருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போடும் இந்த ஊரின் ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் ஆயிரம் அடி துளை போடுகின்றன. அதற்கே பிட் எத்தனை தேய்கிறது, கம்ப்ரஸர் என்ன பாடுபடுகிறது என்று இங்கே உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் துளையும் எட்டாத 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ள ஒரு மேட்டை, கோடானுகோடி ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வந்த இரைச்சலைக் கேட்டுச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்தத் துளைகளுக்கே வருகிறேன். அச்சு நிலத்தின்மேல் நகர்வது வேறு சங்கதி என்றேன் அல்லவா. குவேசார்களும் செயற்கைக்கோள்களும் சேர்ந்து அதையும் அளக்கின்றன. 2023இல் கி-வியோன் சியோவும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வின்படி, 1993க்கும் 2010க்கும் இடையில் உலகம் 2.15 லட்சம் கோடி டன் நிலத்தடி நீரை எடுத்துவிட்டது. அந்த நீர் கடலுக்குப் போய்ச் சேர்ந்ததால் துருவம் சுமார் 80 சென்டிமீட்டர் கிழக்கே நகர்ந்தது. அந்த நகர்வில் பெரும் பங்கு, வடமேற்கு இந்தியாவும் வட அமெரிக்காவின் மேற்கும் இறைத்த நீருக்கு. வறண்ட கிணற்றின் கரையில் நின்று தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்கும் நம் விவசாயிக்கு, பூமியின் அச்சும் அதே கேள்விக்கான கணக்கை வைத்திருக்கிறது.

முன்பு சொன்ன அந்த உருகிய உட்கரு தனக்கென்று ஒரு தலையசைப்பும் வைத்திருக்கிறது. சுமார் 430 நாளுக்கு ஒரு சுற்று. அதன் வீச்சு கூடுவதையும் குறைவதையும் எந்தச் சூத்திரத்தாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டே இருப்பது ஒன்றுதான் வழி. அதனால் உலகத் தொலைநோக்கிகள் முறை வைத்து, வாரத்தில் திங்களும் வியாழனும் 24 மணி நேரம் குவேசார்களைக் கேட்கின்றன. இன்று வியாழக்கிழமை. நாம் வீடு திரும்பிப் படுத்த பிறகு, நம் நேரப்படி நள்ளிரவை ஒட்டி, ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நிற்கும் கிண்ணங்கள் ஒரே திசைக்குத் திரும்பும். நாளை நள்ளிரவு வரை ஒரு மூலம் விட்டு ஒரு மூலமாகப் போய்க்கொண்டே இருக்கும்.